வைஜயந்திமாலா நம்ம ஊர்ப் பெருமை இல்லை

1

கள்ளக்குறிச்சியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதத்துக்கு ஒருமுறை கூடிப் படம் பார்ப்போம். நண்பர் ஒருவரின் ஜவுளிக்கடை மாடி, ஒரு பழைய புரொஜெக்டர், சுவரில் கட்டிய வெள்ளை வேட்டி. படம் முடிந்ததும் டீ, அப்புறம் சண்டை. ஒருமுறை அடுத்து என்ன போடலாம் என்று பேச்சு வந்தபோது நான் பிமல் ராயின் 'மதுமதி'யைச் சொன்னேன். வைஜயந்திமாலா நடித்தது என்றதும் கூட்டத்தில் மூத்தவரின் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம திருவல்லிக்கேணிப் பொண்ணு. பம்பாயையே ஒரு கலக்கு கலக்குச்சு தம்பி."

"அவங்க நடிச்ச இந்திப் படம் எது பாத்திருக்கீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பாட்டெல்லாம் பாத்திருக்கேன். ஆனா அது டான்ஸர்தானே. நடிப்புன்னா சாவித்திரி."

பம்பாயைக் கலக்கிய பெண் என்பதற்கும் டான்ஸர்தானே என்பதற்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட இல்லை. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அங்கே இருந்த மற்ற ஆறு பேரும், முப்பது வயதைத் தாண்டாத நான்கு பேர் உட்பட, தலையாட்டினார்கள். நானும் சில வருடங்களுக்கு முன் தலையாட்டியிருப்பேன். என் கோபம் அந்தத் தலையாட்டலின் மீது.

தமிழர்கள் வைஜயந்திமாலாவைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள், ஆனால் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைப் பெருமையாகச் சொல்வதற்குப் பெயர் பெருமை இல்லை, உரிமை கொண்டாடுதல். பட்டா இல்லாத நிலத்துக்கு வேலி போடுகிற மாதிரி.

2

முதலில் இந்தப் 'பெருமை'யின் கணக்கைப் பார்ப்போம். அம்மா வசுந்தரா தேவி, 1943இல் ஜெமினியின் 'மங்கம்மா சபதம்' படத்தின் நாயகி. மகளை வளர்த்தது பாட்டி யதுகிரி தேவி. 1949இல் ஏவிஎம்மின் 'வாழ்க்கை'. அதையே ஏவிஎம் இந்தியில் 'பஹார்' என்று 1951இல் எடுத்தபோது அதிலும் அவரே நாயகி. தன் வசனத்தைத் தானே பேச வேண்டும் என்பதற்காக அந்தப் பெண் இந்தி கற்றுக்கொண்டார். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், திரும்பி வருகிறேன்.

1954இல் 'நாகின்' வந்தபோது வட இந்தியா முழுக்க அவர் பெயர் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருடம் இந்தி சினிமாவின் முதல் வரிசை. 'தேவதாஸ்', 'நயா தவுர்', 'மதுமதி', 'சாதனா', 'கங்கா ஜம்னா', 'சங்கம்', 'ஆம்ரபாலி', 'ஜுவல் தீஃப்'. சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது மூன்று முறை: 'சாதனா', 'கங்கா ஜம்னா', 'சங்கம்'. மூன்றும் நடிப்புக்கு. ஆட்டத்துக்கு இல்லை.

இந்தக் காலத்தில் நாம் அவருக்கு என்ன கொடுத்தோம்? 1960ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருடத்தில் எம்ஜிஆரோடு 'பாக்தாத் திருடன்', சிவாஜியோடு 'இரும்புத்திரை', 'ராஜபக்தி', ஜெமினி கணேசனோடு 'பார்த்திபன் கனவு'. அன்றைய மூன்று பெரிய நாயகர்களோடும் ஒரே வருடத்தில் நடித்த பெண். இந்த நான்கில் அவர் ஏற்ற பாத்திரங்களில் ஒன்றையாவது பெயர் சொல்ல முடியுமா? 'பார்த்திபன் கனவு' குந்தவையைச் சிலர் சொல்வார்கள், அதுவும் கல்கி புண்ணியத்தில். மற்றபடி நமக்கு ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: 1958இல் வந்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியோடு ஆடிய போட்டி நடனம். அதிலும் பாதிப் பேருக்கு நினைவிருப்பது இரண்டு பெண்களும் இல்லை, நடுவில் உட்கார்ந்து பி.எஸ்.வீரப்பா சொன்ன அந்த ஒரு வரி வசனம்.

அவர் எங்கே நடிகையானாரோ அந்த ஊரை விட்டுவிட்டு, அவரை ஆட மட்டும் வைத்த ஊர் 'நம்ம பொண்ணு' என்று மார்தட்டுகிறது. கொஞ்சம் கூச்சமாவது வேண்டாமா?

3

இனி 'டான்ஸர்தானே'.

நான் வேலை பார்க்கும் துறையில் எந்தப் பொருளையும் ஒரு 'டேக்' போட்டு வைப்போம். தேடும்போது சுலபம். ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. டேக் ஒட்டியாகிவிட்டால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. வைஜயந்திமாலா மேல் ஒட்டிய டேக் 'டான்ஸர்'. எழுபது வருடமாக உரியவில்லை.

பெட்டியைத் திறந்து பார்ப்போம். பிமல் ராயின் 'தேவதாஸ்', 1955. தேவதாஸ் கதை நமக்குப் புதிதில்லை. 1953இலேயே நாகேஸ்வர ராவ், சாவித்திரி நடித்த படம் இங்கே ஓடு ஓடென்று ஓடியது. அதில் சந்திரமுகியாக நடித்தவர் பத்மினியின் அக்கா லலிதா. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சாவித்திரியைச் சொல்வார்கள், லலிதாவைச் சொல்ல யோசிப்பார்கள். சந்திரமுகி என்றால் இரண்டாமவள், தாசி, கதையில் நாயகனின் துக்கத்துக்கு முட்டுக்கொடுக்க வந்தவள் என்பதுதான் நம் மனதில் உள்ள வரிசை. பம்பாயிலும் அப்படித்தான் இருந்தது. பாரோ வேடம் என்றால் சரி, சந்திரமுகி வேண்டாம் என்று அன்றைய பெரிய நடிகைகள் ஒதுங்கினார்கள். அப்படித்தான் அது இந்தத் தெற்கத்திப் பெண்ணிடம் வந்தது.

அவர் என்ன செய்தார்? தொடக்கத்தில் ஆடுகிறார். தேவதாஸ் அருவருப்போடு பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அதற்குப் பிறகு மெதுவாக ஆட்டம் அந்த உடம்பிலிருந்து வடிகிறது. நகை போகிறது, பட்டு போகிறது, கடைசியில் நடையில் இருந்த தாளமும் போகிறது. ஆடத் தெரிந்த ஒரு உடம்பு ஆடாமல் இருப்பதை அவர் நடித்துக் காட்டுகிறார். ஆடத் தெரியாத நடிகையால் இதைச் செய்ய முடியாது. இல்லாத ஒன்றை எப்படி விடுவது?

அந்தப் படத்தில் பாரோவும் சந்திரமுகியும் ஒரே ஒரு முறை சந்திக்கிறார்கள். பாரோ பல்லக்கில் போகிறாள். சந்திரமுகி எதிரே மண்பாதையில் நடந்து வருகிறாள். ஒருத்தியை ஒருத்தி பார்க்கிறார்கள். இவள் யாரென்று அவளுக்குத் தெரியாது, அவள் யாரென்று இவளுக்கும் தெரியாது. ஒரு சொல் இல்லை. கடந்து போய்விடுகிறார்கள்.

இரண்டு பெண்கள் சந்திப்பதை நம் சினிமா எப்படியெல்லாம் எடுத்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் போட்டி ஆட்டம். ஆண்கள் பார்க்கிறார்கள், யார் ஜெயித்தது என்று நாம் இன்றுவரை டீக்கடையில் விவாதிக்கிறோம். 2002இல் பன்சாலி எடுத்த 'தேவதா'ஸில் இருவரும் கோடி ரூபாய் சேலையோடு சேர்ந்து ஆடுகிறார்கள். பிமல் ராயின் படத்தில் மட்டும்தான் இரண்டு பெண்கள் சும்மா பார்த்துக்கொள்கிறார்கள். சுசித்ரா சென்னும் வைஜயந்திமாலாவும். கேமரா எந்தப் பக்கமும் சாயவில்லை. அந்தப் பார்வையில் யார் முதல், யார் இரண்டாவது? சொல்லுங்கள் பார்ப்போம்.

1957இல் இந்தப் படத்துக்காக அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருது கொடுத்தார்கள். சிறந்த துணை நடிகை. அவர் வாங்கவில்லை. பாரோவும் சந்திரமுகியும் சம அளவுள்ள பாத்திரங்கள், ஆகவே நான் துணை இல்லை என்பது அவர் சொன்ன காரணம். இருபத்துச் சொச்சம் வயது. பம்பாயில் வந்து ஆறேழு வருடம்தான் ஆகிறது. யாருக்கும் கோபம் வராதபடி வாங்கி அலமாரியில் வைத்திருக்கலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் செய்தார்கள்.

திமிர் என்று அன்று சொன்னார்கள், இன்றும் சொல்வார்கள். எனக்கு அது இந்திய சினிமாவில் ஒரு நடிகை செய்த மிகக் கூர்மையான விமர்சனமாகத் தெரிகிறது. தாசி என்றால் துணை, குடும்பப் பெண் என்றால் நாயகி என்று ஒரு விருதுக்குழுவுக்குள் ஒளிந்திருந்த வரிசையை, ஒரு கட்டுரைகூட எழுதாமல், 'வேண்டாம்' என்று சொல்லியே அவர் வெளியே இழுத்துப் போட்டார். நம்மில் எத்தனை விமர்சகர்கள் அந்தப் படத்தை அவ்வளவு சரியாகப் படித்திருக்கிறோம்?

4

இப்போது அந்த இந்தி விஷயத்துக்கு வருகிறேன்.

1961இல் 'கங்கா ஜம்னா'. திலீப் குமார் தயாரித்த படம், நிதின் போஸ் இயக்கம். அதில் வைஜயந்திமாலா தன்னோ என்ற கிராமத்துப் பெண். பேசுவது பாடப்புத்தக இந்தி இல்லை. அவத் பக்கத்து நாட்டுப்புறப் பேச்சு. திருவல்லிக்கேணியில் வளர்ந்த தமிழ்ப்பெண் அதைக் கற்று, அந்தப் பேச்சிலேயே சண்டை போட்டு, கொஞ்சி, அழுது, அதற்கு விருதும் வாங்கினார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வடக்கிலிருந்து வந்த ஒரு நடிகை சின்னசேலம் சந்தைப் பேச்சைப் பிசிறில்லாமல் பேசி நடிக்கிற மாதிரி.

அப்படி ஒருத்தரை நாம் கேட்டதுண்டா? முப்பது வருடமாகத் தமிழ் சினிமா நாயகிகளை வெளியிலிருந்து கூட்டி வருகிறது. வரட்டும், தப்பில்லை. வந்தவர்களுக்கு நாம் என்ன செய்தோம்? வாயசைக்க வைத்து, குரலை வேறொருத்தரிடம் வாங்கி ஒட்டினோம். முகம் ஒருத்தி, குரல் இன்னொருத்தி, குரல் கொடுத்தவளுக்கு டைட்டிலில் சின்ன எழுத்து. அவர்களிடம் யாரும் தமிழ் எதிர்பார்க்கவில்லை, ஏனென்றால் நடிப்பையே எதிர்பார்க்கவில்லை. 1951இல் தன் குரலுக்காக ஒரு மொழியைக் கற்ற பெண்ணைக் கொண்டாடுகிற அதே வாயால், நம் படத்து நாயகிக்குக் குரல் வேண்டாம் என்கிறோம். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

"இந்தி கத்துக்கிட்டதாலதான் பெரிய ஆளானாங்க, அதனால எல்லாரும் இந்தி படிங்க" என்று யாராவது இதைத் திருப்பிக்கொண்டு வருவார்கள், தெரியும். அவர் கற்றது ஒரு பாத்திரத்துக்காக ஒரு நடிகை கற்ற மொழி. அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலையில் ஏற்றுகிற அரசாணையோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

5

இளம் வாசகர்களிடமிருந்து இரண்டு எதிர்ப்பு வரும். ஒன்று கிசுகிசு, இன்னொன்று அரசியல்.

கிசுகிசு எல்லாருக்கும் தெரிந்தது: 'சங்கம்', ராஜ் கபூர். 2007இல் வெளியான தன் சுயசரிதை 'பாண்டிங்'இல் அவர் அதை மறுத்தார், அது விளம்பரத்துக்காகக் கிளப்பிவிட்டது என்றார். பத்து வருடம் கழித்து ரிஷி கபூர் தன் புத்தகத்தில் அந்த மறுப்பை மறுத்தார். யார் சொல்வது உண்மை என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு நடிகையின் வாழ்க்கையை அவர் கூட நடித்த ஆண்களின் பெயரால் அத்தியாயம் பிரிக்கிறோமே, அதுதான் பிரச்சினை. திலீப் குமார் அத்தியாயம், ராஜ் கபூர் அத்தியாயம், பிறகு 1968இல் டாக்டர் பாலியோடு கல்யாணம், சுபம். பிமல் ராயோடு செய்த இரண்டு படங்களின் அத்தியாயம் எங்கே? கல்யாணத்துக்குப் பிறகு சினிமாவை விட்டு, ஐம்பது வருடத்துக்கும் மேலாக பரதநாட்டிய மேடையில் இருந்த அத்தியாயம்? ஒரு யூடியூப் காணொளியிலாவது பார்த்ததுண்டா?

அடுத்தது அரசியல். 1984இல் தென்சென்னையில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று இரா. செழியனைத் தோற்கடித்தார். 1989இலும் வென்றார். பிறகு மாநிலங்களவை. 1999இல் பாஜக. 2024இல் பத்ம விபூஷண், அதே வருடம் தொண்ணூறு வயதில் அயோத்தியில் நடனம். அந்தக் காணொளி வந்த அன்று என் நண்பர்கள் பாதிப் பேர் 'தொண்ணூறு வயசுல என்னா ஆட்டம்' என்று உருகினார்கள், பாதிப் பேர் 'இதுக்குத்தானா' என்று திட்டினார்கள். அவருடைய அரசியல் என்னுடையது இல்லை. இரா. செழியன் போன்ற ஒரு நாடாளுமன்றவாதியை விட்டு ஒரு நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தது சென்னைக்கு நஷ்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் கவனியுங்கள்: உருகிய பாதியும் திட்டிய பாதியும் மறுபடி பார்த்தது ஆட்டத்தைத்தான். 'சாதனா'வை யாரும் பார்க்கவில்லை. 1958இல் ஒரு தாசி, கண்ணியமான குடும்பத்தைப் பார்த்து 'என்னை இப்படி ஆக்கியது யார்' என்று கேட்கிற படம் அது. பி.ஆர்.சோப்ரா எடுத்தது. அவர் 1999இல் எந்தக் கட்சிக்குப் போனார் என்பதால் 1958இன் அந்தக் கேள்வி பொய்யாகிவிடுமா? அரசியலுக்காக ஒருவரை நிராகரிக்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. நிராகரிப்பதற்கு முன் என்ன நிராகரிக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

6

கடைசியில் 'மதுமதி'யைப் போட்டோம். இங்கேதான் என் வாதத்துக்கே ஒரு அடி விழுந்தது.

கதை தெரியாதவர்களுக்கு: ஆனந்த் என்பவன் மலையில் ஒரு மர எஸ்டேட்டுக்கு மேனேஜராக வருகிறான். மலைவாசித் தலைவனின் மகள் மதுமதி. எஸ்டேட் முதலாளி உக்ரநாராயண். அவனிடமிருந்து தப்பும்போது அவள் சாகிறாள். பின்னால் அவளைப் போலவே இருக்கும் மாதவி வருகிறாள், பேய் வருகிறது, மறுபிறவி வருகிறது. கதை ரித்விக் கட்டக். ஒன்பது ஃபிலிம்ஃபேர் விருது வாங்கி, முப்பத்தேழு வருடம் யாரும் முறியடிக்காத கணக்கை வைத்திருந்த படம்.

கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பது நைனிடாலில் பார்ப்பது மாதிரி இல்லை. எங்களுக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்தால் ஏற்றம். மேலே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள்; கேரளத்து மலையாளி இல்லை, தமிழ் பேசுகிறவர்கள். 'மதுமதி' வெளிவந்த 1958இல் அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சுதந்திரம் வந்தும் ஜாகீர் போகவில்லை, 1976இல்தான் ஒழிந்தது. சாமையும் கடுக்காயும் தேனும் பலாவும் விளைகிற மலை. கீழே இருக்கும் எங்களுக்கோ அது ஒரே ஒரு சொல்: சாராயம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். செத்தது நகரத்தில். ஆனால் பழி உடனே மலை ஏறியது.

எங்கள் கூட்டத்தில் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண் ஒருவர் இருக்கிறார். அந்த மலைக்காரர், இங்கே கீழே ஆசிரியை. படம் ஓடும்போது அவர் சிரித்தார். எனக்குப் புரிந்தது. குழையும் மணியும், யாரும் எந்த மலையிலும் உடுத்தாத பாவாடையும். பிராமணக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பழங்குடி வேஷம். மலையில் ஒரு உழைப்பும் இல்லை. அவள் விறகு சுமப்பதில்லை, பாடுகிறாள். மர எஸ்டேட் பற்றிய படத்தில் மரம் வெட்டுகிறவர்கள் பின்னணி. எங்கள் பக்கத்து மலைகளின் ஆண்கள் செம்மரம் வெட்டக் கூட்டிப்போகப்பட்டு என்ன ஆகிறார்கள் என்பதை 2015 ஏப்ரல் 7 சொன்னது. சேஷாசலம் காட்டில் ஒரே நாளில் 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டது, பலர் தமிழ்நாட்டு மலைக்கிராமத்தவர்கள். இதெல்லாம் தெரிந்த ஒருத்தருக்கு முன்னால் மதுமதியை எப்படி நியாயப்படுத்துவது?

விளக்கைப் போட்டதும் நானே முந்திக்கொண்டேன். "மன்னிச்சிருங்க டீச்சர், வேஷம் ரொம்பப் பொய்யா இருக்கு."

"துணி பொய்தாண்ணா," என்றார். "அத யாரு நம்புவா. ஆனா நடையப் பாத்தீங்களா? ஏத்தத்துல குதிகால ஊனாம, விரல ஊனி ஏறுது பாருங்க. அது தெரியாதவங்களுக்கு வராது. எறங்கும்போது முழங்காலு லேசா மடங்குது. அப்புறம் அந்த பங்களாவுக்குள்ள போனதும் அந்த நடையே போயிடுச்சு. எங்க சித்திய மொத மொத ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்தப்ப, வழுவழுன்னு தரையில அப்பிடித்தான் நடந்தாங்க."

யாரும் பேசவில்லை. அந்த இடத்தைத் திரும்பப் போட்டோம். அவர் சொன்னது உண்மை. அதே நடிகை மாதவியாக வரும்போது நடை வேறு. செருப்புக் காலின் நடை, நகரத்து நடை. ஒரு படத்தில் ஒரே கால்களுக்கு வெவ்வேறு தரைகள். பத்து முறை அந்தப் படத்தைப் பார்த்த நான் காலைப் பார்க்கவே இல்லை. முகத்தில் நடிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் நடிப்பு முகத்தில்தான் இருக்கும் என்று சாவித்திரியும் சிவாஜியும் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

ஆகவே மூத்தவரிடம் பாதி தோற்றுவிட்டேன். அவர் டான்ஸர்தான். சின்ன வயதிலிருந்து தரையை மிதித்து மிதித்து, எந்தத் தரையில் எந்தக் கால் எப்படி விழும் என்று படித்த ஒருத்தர். தப்பு அந்தச் சொல்லில் இல்லை, அதன் வாலில் ஒட்டியிருக்கும் 'தானே'யில் இருக்கிறது. எழுத்தாளனை நாம் 'எழுத்தாளன்தானே' என்பதில்லை. உடம்பால் சிந்திக்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்த 'தானே'. ஆடுகிறவளுக்கு, மலை ஏறுகிறவளுக்கு, விறகு சுமக்கிறவளுக்கு. அவர்களுடைய அறிவை நாம் அறிவாக எண்ணியதில்லை. அதனால்தான் திரையில் அது தெரியும்போதும் நமக்குக் கண் தெரியவில்லை.

வேஷம் பொய் என்ற என் புகாரை நான் திரும்பப் பெறவில்லை. ஒரு மலையாளிப் பெண் தன் கதையில் தானே நடிக்கும் படம் இன்னும் வரவில்லை. வரும்வரை அந்தப் புகார் நிற்கும். ஆனால் பொய் வேஷத்துக்குள் ஒரு நடிகை உண்மையான வேலை ஒன்றைச் செய்திருக்கிறார் என்பதை, அந்த வேலை யாருடையதோ அவர்களில் ஒருத்தர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நம் விமர்சனம் அந்த அளவில்தான் இருக்கிறது.

வைஜயந்திமாலா நம்ம ஊர்ப் பெருமை இல்லை. இன்னும் இல்லை. மூன்று படம் சொல்கிறேன்: 'தேவதாஸ்', 'மதுமதி', 'கங்கா ஜம்னா'. மூன்றும் சேர்த்து எட்டு மணி நேரம் வரும். ஒரு வெப் சீரீஸுக்குக் கொடுக்கிற நேரம். பார்த்துவிட்டு வந்து பெருமைப்படுங்கள், இல்லை திட்டுங்கள். எங்கள் மாடியில் அடுத்து 'தேவதாஸ்'. மூத்தவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். டீச்சர் தன் சித்தியைக் கூட்டிவரலாமா என்று கேட்டார்.